ஆண்டிக், விண்டேஜ், வெறும் பழசு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு நான் ஆங்கில அட்டை எழுதித் தருகிறேன். தூக்குச்சட்டியின் காதிலும் நாற்காலியின் காலிலும் நூல் கோத்துத் தொங்கவிடுவார்களே, அந்த அட்டை. சென்னையில் விளம்பர வாசகம் எழுதிப் பிழைத்தவள் ஊரோடு வந்துவிட்டேன் என்று கேள்விப்பட்டதும் அவரே வந்து கேட்டார். கேட்ட கையோடு ஒரு யோசனையும் சொன்னார்: "எல்லாவற்றிலும் ஆண்டிக் என்று எழுதிவிடுங்கள் ஆச்சி. வேலை முடிந்தது."

வெளியூர்க்காரர்கள் அந்தச் சொல்லைத் தேடித்தான் வருகிறார்கள் என்பது உண்மை. ஆனால் ஆங்கிலத்தில் பழைய பொருளுக்கென்று இருக்கும் சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாகப் போட்டுக்கொள்ளக் கூடியவை அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாக்குறுதி. அட்டையில் எழுதித் தொங்கவிட்டபின் "சும்மா பேச்சுக்குச் சொன்னேன்" என்று நழுவ முடியாது.

ஆண்டிக் என்றால் நூறு ஆண்டு. வியாபாரத்தில் பொதுவாக ஒப்புக்கொண்ட கணக்கு இது. அமெரிக்கச் சுங்கத்துறையும் இன்றைக்கு நூறு ஆண்டைக் கடந்ததைத்தான் அப்படி ஏற்கிறது. 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1830-க்கு முன்னால் செய்தது என்று ஆண்டையே குறித்து வைத்திருந்தார்கள். பிறகுதான் நூறு ஆண்டுக் கணக்குக்கு மாறினார்கள்.

இதன் பக்கத்து வீட்டுக்காரன் ஆண்டிக்விட்டி. வால் கொஞ்சம் நீளம், விவகாரம் ரொம்ப நீளம். ஆண்டிக் சந்தையின் சொல் என்றால், ஆண்டிக்விட்டி நம் நாட்டில் சட்டத்தின் சொல். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் இதற்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. சிலை, ஓவியம், நாணயம், கல்வெட்டு, கைவினைப் பொருள் எதுவானாலும் நூறு ஆண்டுக்குக் குறையாமல் இருந்தால் அது இதில் அடங்கும். அறிவியல், வரலாறு, இலக்கியம், அழகு என்ற வகையில் மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிக்கு எழுபத்தைந்து ஆண்டே போதும். செட்டிநாட்டுக்காரர்கள் இரண்டு முறை படிக்க வேண்டிய வரி ஒன்றும் அந்த இலக்கணத்தில் உண்டு: ஒரு கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த எந்தப் பொருளும், அதே நூறு ஆண்டுக் கணக்கில். வீட்டை இடித்துத் தூணும் நிலையும் கதவும் தனித்தனியாக விலை போகிற ஊரில் இந்த வரி யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. இப்படிப்பட்ட பொருளை வாங்கி விற்க உரிமம் வேண்டும். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சந்தேகம் வந்தால், இது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக் காட்ட வேண்டும்.

வெளிநாட்டுக்காரர் ஒருவர் பித்தளை விளக்கு ஒன்றை வாங்குகிறார் என்று வையுங்கள். அட்டையில் "120 ஆண்டுப் பழமையான ஆண்டிக்" என்று என் கையெழுத்து. கடையில் விலையை ஏற்றிவிட்ட அதே அட்டை விமான நிலையத்தில் அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். விளக்கின் உண்மையான வயது நாற்பதாகவே இருக்கட்டும். அதை அவர் அங்கே நின்று நிரூபித்தாக வேண்டும். இதைச் சொன்ன பிறகு அண்ணன் ஆண்டிக் மோகத்தைப் பெருமளவு குறைத்துக்கொண்டார். யாராவது வந்து "இது ஆண்டிக்தானே?" என்று கேட்டால், "அதைச் சட்டம் சொல்லும். விலையை வேண்டுமானால் நான் சொல்கிறேன்" என்கிறார்.

விண்டேஜ் இந்த அளவுக்குக் கறார் இல்லாத சொல். திராட்சை அறுவடையிலிருந்து கிளம்பி வந்தது. மதுப்புட்டியின் மேல் எந்த ஆண்டு விளைச்சல் என்று குறிப்பார்கள். அந்த ஆண்டுதான் விண்டேஜ். ஆகவே ஆண்டு சொல்லாத விண்டேஜ் எனக்கு உவப்பில்லாதது. பிரிட்டனின் கார்ப் பிரியர்கள் 1919 முதல் 1930 வரை செய்த வண்டிகளை மட்டுமே விண்டேஜ் என்பார்கள். எட்சி என்ற இணையச் சந்தையிலோ இருபது ஆண்டு ஆகியிருந்தால் போதும். அப்படிப் பார்த்தால் என் பரணில் கிடக்கும் நோக்கியாவும் விண்டேஜ்தான். ரேடியோ அட்டையில் நான் "1950-களின் விண்டேஜ்" என்று எழுதுவேன், பத்தாண்டு தெரியாவிட்டால் அந்தச் சொல்லையே விட்டுவிடுவேன். ரெட்ரோ என்பது வேறு: பழைய மாதிரியில் இப்போது செய்தது. மதுரையில் போன மாதம் வார்த்த சுவர்க் கடிகாரம் ரெட்ரோ ஆகலாம், விண்டேஜ் ஆகாது.

உண்மையான ரகளை மங்குச் சாமானில்தான். எங்கள் வீடுகளில் வெள்ளையாய், வழவழப்பாய், தட்டினால் ஓசை தருவது எல்லாம் மங்கு. ஆங்கிலத்தில் அது நாலு கூறாகப் பிரிகிறது. எனாமல் என்பது இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளை உருக்கிப் பூசியது. அடுக்குச்சட்டி, தூக்கு, பூப்போட்ட தாம்பாளம் எல்லாம் இந்த இனம். செராமிக் என்பது மண்ணைச் சுட்டுச் செய்த எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர், ஊறுகாய் ஜாடி முதல் குளியலறை ஓடு வரை. அந்தக் குடும்பத்தில் உயர்ந்த இடம் போர்சலினுக்கு: கயோலின் என்னும் வெண்களிமண்ணை மிக உயர்ந்த சூட்டில் சுட்டது, மெல்லிய கோப்பையை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் விரல் நிழலாடும். சைனா என்பது அதற்கே பிறந்த ஊரால் வந்த பெயர். போன் சைனாவில் எலும்புச் சாம்பல் கலந்திருக்கும் என்று ஒரு சைவ அம்மாளிடம் சொன்னேன். கையிலிருந்த கோப்பையைப் பூனைக்குட்டியை இறக்கிவிடுவதுபோல் மெதுவாக இறக்கி வைத்தார். ஆத்தங்குடிக் கல்லை "செராமிக் டைல்" என்று இணையத்தில் போடுகிறார்களே, அது வேறு வயிற்றெரிச்சல். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது அது. சூளையின் வாசலையே மிதிக்காதது எப்படிச் செராமிக் ஆகும்?

படம் பார்த்து வாங்குபவர்கள் அடுத்துக் கேட்பது, என்ன சேதம் என்று. இங்கேயும் மூன்று சொற்கள். விளிம்பில் செதில்போல் பெயர்ந்திருந்தால் சிப். எனாமல் தட்டில் அந்த இடத்தில் கறுப்பாக இரும்பு தெரியும், கவனிக்காவிட்டால் துரு பிடிக்கும். ஊடுருவிப் போகும் விரிசல் கிராக். விரலால் சுண்டிப் பாருங்கள், நல்ல கோப்பை கணீரென்னும், விரிசல் விட்டது மொத்தென்று சொல்லும். மேற்பூச்சில் மட்டும் சிலந்தி வலைபோல் மெல்லிய கோடுகள் ஓடினால் கிரேஸிங். பழைய பீங்கானில் பலர் இதைக் குறையாகவே எண்ணுவதில்லை. கிரேஸிங் என்று எழுத வேண்டிய இடத்தில் கிராக் என்று எழுதினால் கடைக்காரருக்கு நட்டம், மாற்றி எழுதினால் வாங்குபவருக்கு நட்டம்.

வயது தெரிய வேண்டுமானால் தூரைத் திருப்பிப் பாருங்கள். செக்கோஸ்லோவாக்கியா என்று முத்திரை இருந்தால் 1918-க்கு முன்னால் செய்திருக்க வழியில்லை, அந்த நாடே அப்போதுதான் பிறந்தது. ஜப்பான் சாமானில் இன்னும் சுவை. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கே போகும் சரக்கில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும். ஜப்பானியர் நிப்பான் என்று போட்டார்கள். 1921-இல் அது ஆங்கிலச் சொல் அல்ல, ஜப்பான் என்றே போடுங்கள் என்றார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1952 வரையிலான சரக்கில் "ஆக்குபைடு ஜப்பான்" என்ற முத்திரையும் உண்டு. ஒரே நாட்டுக்கு மூன்று பெயர், மூன்று காலம். நம் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் பர்மா, மலேயா வழியாக வந்த சரக்கு. அமெரிக்கச் சட்டம் அவற்றைக் கட்டாது. ஆகவே இதை ஒரு துப்பாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

நான் பிடிவாதமாக எழுத மறுக்கும் சொல் ஒன்று உண்டு: ஏர்லூம். ஒரு குடும்பத்துக்குள்ளேயே கைமாறி வந்த பொருளுக்குத்தான் அந்தப் பெயர். நகரத்தார் வீடுகளில் பாத்திரத்தின் விளிம்பில் விலாசத்தைப் பொறிப்பார்கள், பாட்டையா பெயரின் முதலெழுத்து, ஐயா பெயரின் முதலெழுத்து என்று வரிசையாக. எங்கள் அப்பத்தாவின் அண்டாவில் இன்றைக்கும் அந்த எழுத்துகள் இருக்கின்றன. கல்யாணத்தில் சீர்ச் சாமான் பரப்பியபோது கூடத்தில் நின்ற அண்டா அது. அது ஏர்லூம். அதே போன்ற அண்டா, வேறொரு வீட்டின் விலாசத்தோடு, கடை வாசலில் விலை அட்டையுடன் நிற்கும்போது அந்தப் பெயரை வாசலிலேயே இழந்துவிடுகிறது. "வாங்குபவர் வீட்டில் மறுபடியும் ஆகும் இல்லையா?" என்று அண்ணன் மடக்கினார். ஆகும், அவருடைய பேரன் காலத்தில். இன்ஹெரிட்டன்ஸ் ஒருவர் காலமானபின் இன்னாருக்கு என்று வந்து சேரும் சொத்து, அதைப் பங்கு போடலாம். ஹெரிட்டேஜ் ஊருக்கே பொதுவானது. ஒரே செட்டிநாட்டு வீட்டை யுனெஸ்கோவின் 2014-ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியல் ஹெரிட்டேஜ் என்கிறது, பங்காளிகள் இன்ஹெரிட்டன்ஸ் என்கிறார்கள். வழக்கு நடப்பது இரண்டாவது சொல்லுக்கு.

ரெஸ்டோர் செய்தது என்றால் முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவந்தது, ரெனவேட் செய்தது என்றால் புதுப்பித்தது. முகப்பின் பழைய சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டிவிட்டுப் பளபளக்கும் பெயிண்ட் அடித்தவர்கள் முதல் சொல்லைப் பலகையில் எழுதிக்கொள்கிறார்கள். ரீப்ரொடக்‌ஷன் என்று சொல்லி விற்றால் நேர்மையான நகல். அதையே சொல்லாமல் விற்றால் ஃபேக்.

எனக்குப் பிடித்தது ஓல்டு என்ற ஒற்றைச் சொல். பொய் சொல்லாது, சுங்கத்தில் மாட்டாது. அண்ணன் ஒரேயடியாக மறுத்துவிட்டார்: "பழசு என்று எழுதினால் பேரீச்சம்பழத்துக்குப் போடச் சொல்வார்கள் ஆச்சி."

இப்போது பள்ளத்தூர்ப் பக்கமிருந்து ஒரு தேக்கு நிலையும் இரட்டைக் கதவும் வந்திருக்கின்றன. இடித்த வீட்டின் முகப்பில் சுதையில் 1928 என்று இருந்த படத்தையும் கூடவே வாங்கி வைத்திருக்கிறார். அட்டையில் "1928, விண்டேஜ்" என்று எழுதிக் கொடுத்தேன். 2028 பிறந்துவிட்டால் அது சட்டத்தின் சொல்லுக்குள் போய்விடும் என்றும் சொன்னேன். அன்று சாயங்காலமே விலையில் ஐயாயிரத்தைக் குறைத்து எழுதித் தரச் சொன்னார்.