ஐந்தரை மணிக்கு எழுப்பும் பூனையை ஏழு மணிக்குப் பழக்க 3 வாரம்

பூனைக்குச் சுறுசுறுப்பு வருவது விடியலிலும் அந்தியிலும்தான். கோலாலம்பூரில் ஆண்டு முழுக்கச் சூரியன் 7 மணியை ஒட்டியே உதிக்கும்; கூடக்குறைய அரை மணி நேர வித்தியாசம். அதனால் இங்கே ஒருமுறை நேரத்தைப் பழக்கிவிட்டால் போதும், மாதத்துக்கு மாதம் மாற்றத் தேவையில்லை.

கோளாறு தொடங்குவது கிண்ணத்தில். கண் விழித்ததும் நாம் தீனி போடுகிறோம். ஆளை எழுப்பினால் சாப்பாடு என்று அது கணக்குப் போட்டுக்கொள்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்க டைமர் உள்ள தீனிப்பெட்டிதான் சுலபமான வழி. பூனை 5:30க்கு எழுப்பினால் பெட்டியை 5:15க்கு வையுங்கள். சில நாளில் நம்மை விட்டுவிட்டுப் பெட்டி முன்னால் போய் உட்காரும். பிறகு 3 நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் தள்ளுங்கள். 7 தடவை தள்ளினால் 7 மணி. பெட்டி இல்லாவிட்டால், எழுந்து 20 நிமிடம் கழித்தே கிண்ணத்தைத் தொடுங்கள்.

இரவு 10:15க்கு இறகுக் குச்சியால் 10, 15 நிமிடம் ஓடவிடுங்கள். கடைசியில் வேகத்தைக் குறைத்து, பிடிக்க விடுங்கள். லேசர் விளக்கு வேண்டாம். எதையும் பிடிக்காத பூனை தேடிக்கொண்டே திரியும். ஆட்டம் முடிந்த கையோடு அன்றைய பங்கில் மூன்றில் ஒன்றைப் போடுங்கள். அளவைக் கூட்டாதீர்கள், பங்கைத்தான் பிரிக்கிறோம். தின்று, உடம்பை நக்கிவிட்டுத் தூங்கிவிடும். நம் ஊர்ச் சூட்டில் ஈரத் தீனி மிஞ்சினால் எடுத்துவிடுங்கள். குச்சியையும் பூட்டி வையுங்கள். அதில் கட்டிய நூலை விழுங்கினால் அது குடலைச் சுருக்கிவிடும்.

பலர் தோற்பது நான்காம், ஐந்தாம் நாளில். கவனிக்காமல் விட்டால் கத்தல் முதலில் கூடும், பிறகுதான் அடங்கும். அந்த உச்சத்தில் எழுந்து போட்டால், இன்னும் கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும். திட்டுவதும் அதற்குக் கவனிப்புதான்.

பினாங்கு பாயான் லெப்பாஸ் ஆலைகளில் ஷிப்ட் மாறி வேலை செய்கிறவர்கள் பூனையையும் வாரந்தோறும் மாற்ற வேண்டாம். பெட்டியின் நேரம் அப்படியே இருக்கட்டும். நீங்கள் படுக்கும் முன் ஆட்டமும் சிறிது தீனியும் போதும்.

கருத்தடை செய்யாத பூனைக்கு இதெல்லாம் அவ்வளவாக எடுபடாது. 10 வயதைத் தாண்டியது திடீரென்று இரவில் ஓலமிட்டால் தைராய்டு, சிறுநீரகம், ரத்த அழுத்தம் மூன்றையும் மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள்.

ஐந்தடி (வாசல் முன் நடைபாதை) விளக்கையும் அணையுங்கள். விளக்குக்குப் பூச்சி, பூச்சிக்குப் பல்லி, பல்லிக்கு ஜன்னலோரம் ராத்திரி முழுக்கப் பூனை.