வேங்கையின் மைந்தனும் வெள்ளவத்தை வாசகர்களும்

அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ சரித்திர நாவலைப் பற்றிக் கொழும்பில் யாரிடம் கேட்டாலும் பேச்சு கடைசியில் அதில் வரும் ஈழத்து இளவரசி ரோகிணியில்தான் வந்து நிற்கிறது. ராஜேந்திர சோழனின் பெயரைச் சொல்லித் தொடங்குவார்கள், கொஞ்ச நேரத்தில் அவரை விட்டுவிட்டு, அந்தப் பெண் செய்தது சரியா, அவளுக்கு இளங்கோ தகுதியானவனா, அவள் தகப்பனுக்குத் துரோகம் செய்தாளா என்று குரல் உயர்த்துவார்கள். சில மாதங்களாக ஒரு பழைய பிரதி எங்கள் வட்டத்துக்குள் கைமாறிக்கொண்டிருக்கிறது. முதுகு கழன்று, நூல் போட்டுத் தைத்து, பின்பக்கத்தில் யாரோ பால் கணக்கு எழுதி வைத்திருக்கும் பிரதி. காலி வீதியில் கேட்டுப் பார்த்த கடைகளில் இல்லை என்றார்கள். அதனால் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பில் நிறையக் கதைத்தோம். அவரவர் சொன்னதையும், அதில் நான் எங்கே ஒத்துப்போகிறேன், எங்கே இல்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும் போல் இருந்தது.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. கல்கி இதழில் தொடராக வந்த கதை, 1963ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்றது. பாண்டியர்களின் மணிமுடியை மீட்டு வரச் சோழர் ஈழத்துக்குப் படை அனுப்புகிறார்கள். அந்த முடி எப்படி இங்கே வந்தது என்பது நாவலைவிடப் பழைய கதை. பத்தாம் நூற்றாண்டில் சோழ அரசன் முதலாம் பராந்தகனிடம் தோற்ற பாண்டியன் ராஜசிம்மன் ஈழத்துக்கு ஓடி வந்தான். இங்கே உதவி கிடைக்கவில்லை என்றதும், தன் முடியையும் அரச சின்னங்களையும் இங்கேயே விட்டுவிட்டுச் சேர நாட்டுக்குப் போய்விட்டான். மதுரையைப் பிடித்த பராந்தகனுக்கு அந்த முடியைச் சூடிக்கொள்ள ஆசை. கேட்டு ஆள் அனுப்பினான், இங்கே கொடுக்க மறுத்தார்கள். படை வந்ததும் சிங்கள அரசன் முடியைத் தூக்கிக்கொண்டு தெற்கே ரோகணம் என்கிற உறுகுணைக்குப் போய்விட்டான். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் சோழருக்கு அது கைக்கெட்டாமலே இருந்தது. ராஜேந்திரனின் வெற்றிகளைக் கல்வெட்டில் பாடும் மெய்க்கீர்த்தியில் ‘சுந்தர முடியும் இந்திரன் ஆரமும்’ என்று வருகிறதே, அது இதைத்தான்.

இதற்குள் அகிலன் ஒரு காதலை வைக்கிறார். கொடும்பாளூர் இளவரசன் இளங்கோ. ஒரு பக்கம் ராஜேந்திரனின் மகள் அருள்மொழி, மறுபக்கம் ரோகணத்து அரசன் மகிந்தனின் மகள் ரோகிணி. முடி யாரிடம் இருக்கிறதோ அந்த வீட்டுப் பெண்ணையே அதை எடுக்க வந்தவன் விரும்புகிறான்.

இனிக் கருத்துகள். முதலில் மாமி. எண்பதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற ரீச்சர், ஐம்பத்தேழாம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்கத்துக்குக் கிட்ட இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போகிற நாளில் இதைத் தொடராகவே வாசித்தவர். வீட்டில் இதழ் வந்ததும் தகப்பனார் வாசித்து முடிக்கும்வரை தொடக்கூடாதாம், அதற்குள் பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசித்துவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கதையைச் சொல்லிவிடுமாம். மாமி அருள்மொழியின் கட்சி. “சத்தம் போடாமல் விட்டுக்கொடுக்கிற பெண்ணை ஒருத்தரும் கவனிக்கிறதில்லை பிள்ளை” என்றார். ரோகிணியின் கண்ணீருக்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கிறது, அருள்மொழி ஒரு வாக்கியத்தில் அழுதுவிட்டுப் போய்விடுகிறாள் என்பது அவருடைய குறை. அறுபது ஆண்டுக்கு மேலாக மனதில் வைத்திருந்த குறை. அதைக் கேட்ட பிறகு அருள்மொழி வரும் இடங்களை நான் திரும்பிப் போய் வாசித்தேன். மாமி சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் நான் ரோகிணியின் பக்கம்தான்.

அலுவலகத்தில் ஒரு தங்கச்சி, ஹட்டன்காரி, கையில் எது கிடைத்தாலும் வாசிப்பவள். அவள் பாதியில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தைத் திருப்பித் தந்தாள். “அக்கா, இந்த இளங்கோவுக்கு யாரைப் பிடிக்கும் என்று அவனுக்கே தெரியாது, அவனுக்காக இரண்டு பெண்கள் உருகுகிறார்கள், என்னால் முடியாது.” இதற்கு என்னிடம் இலேசான பதில் இல்லை. சரித்திரக் காதல் கதைகளில் ஒரு வீரனுக்கு இரண்டு பெண்கள் என்பது ஏறக்குறைய விதியாகவே இருந்தது, அந்தக் காலத்துத் தொடர்கதைக்கு அது வாரா வாரம் வாசகரை இழுத்துப் பிடிக்கிற வழியும்கூட. ஆனால் வழக்கம் அது என்பதற்காக இன்று வாசிக்கிற பெண் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவள் கோபம் சரியான கோபம். நான் அவளிடம் சொன்னது ஒன்றுதான்: இளங்கோவின் கதையாக வாசிக்காதே, அவனைத் தள்ளி வைத்துவிட்டு ரோகிணியின் கதையாக வாசி, அப்போது புத்தகம் வேறு மாதிரித் தெரியும்.

கொடும்பாளூர் என்பதையும் நாம் சும்மா கடந்து போகக்கூடாது. இருக்குவேளிர் என்ற அந்தக் குறுநிலக் குடும்பம் சோழருக்குப் பல தலைமுறை படை நடத்தியது, பெண் கொடுத்தது, எடுத்தது. சுந்தர சோழன் காலத்தில் அந்த வீட்டுச் சிறிய வேளான் ஈழத்துப் போரில் இறந்துபோனதைக் கல்வெட்டே சொல்கிறது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை ஒருவன் ஈழத்துக்குப் படையோடு வருவது அகிலன் சும்மா பொறுக்கி எடுத்த சங்கதியாக எனக்குத் தெரியவில்லை. அவனுக்கு இந்த மண் தன் வீட்டு ஆளைத் தின்ற மண். அவளுக்கு அவன் தன் வீட்டைக் கொள்ளையடிக்க வந்தவன். இரண்டு பேரும் அப்படித்தான் ஒருவரை ஒருவர் முதலில் பார்க்க முடியும். இதை வைத்துக்கொண்டு வாசித்தால் அந்தக் காதலில் நிலா, நந்தவனம் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பகை ஓடிக்கொண்டே இருப்பது தெரியும், நாவலின் உயிரே அதுதான்.

மட்டக்களப்பில் சரித்திரம் படிப்பித்து இப்போது மகளோடு தெஹிவளையில் இருக்கும் சேர் ஒருவர், புத்தகத்தைக் கையில் வாங்கிய அன்றே, இலங்கை அரசர்களின் கதையைச் சொல்லும் பழைய நூலான சூளவம்சத்தையும் எடுத்து மேசையில் வைத்துக்கொண்டார். அவரோடு கதைத்த பின்னேரங்கள்தான் இந்தப் பதிவை எழுத வைத்தன. நாவல் தொடங்கும்போது தலைநகர் அனுராதபுரம் ஏற்கெனவே சோழர் கைக்குப் போய்விட்டது என்பதை மறக்காதே என்றார். ஐந்தாம் மகிந்தன் 982இல் ஆட்சிக்கு வந்தவன். சம்பளம் கொடுக்க வழியில்லாமல் படையே அவனுக்கு எதிராகத் திரும்ப, உறுகுணைக்குத் தப்பிப்போனான். இங்கே வந்து திரும்பிப் போன ஒரு குதிரை வியாபாரி இங்கே நடப்பதைச் சோழ அரசனிடம் சொன்னான், அதன் பிறகுதான் படை வந்தது என்கிறது சூளவம்சம். 1017இல் மகிந்தன் பிடிபட்டான். அவனுடைய பட்டத்து ராணி, முடி, நகைகள் எல்லாம் கடல் கடந்து போயின. பன்னிரண்டு ஆண்டுகள் சோழ நாட்டில் இருந்து, 1029இல் அங்கேயே இறந்துபோனான். திரும்பி வரவேயில்லை.

சேர் இதைச் சொல்லிவிட்டு, “இப்ப சொல்லு, இது காதல் கதை எழுதுகிற இடமா?” என்று கேட்டார். விகாரைகள் உடைக்கப்பட்டதைச் சூளவம்சம் எழுதியிருக்கும் ஆத்திரத்தை வாசித்துக் காட்டினார். அது ஒரு பக்கத்துச் சாட்சியம்தான், பிக்குகள் எழுதியது, அதுவும் அவருக்குத் தெரியும். மெய்க்கீர்த்தி மறுபக்கத்துச் சாட்சியம், அது கொள்ளையைப் பட்டியல் போட்டுப் பெருமையாகப் பாடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்க இரண்டு பேருக்குமே நேரம் இருக்கவில்லை. என் பதில் இதுதான்: ஆம் சேர், இதுதான் காதல் கதை எழுதுகிற இடம். ரோகிணி கற்பனைப் பாத்திரம், ஆனால் பிடிபட்டுப் போன அரண்மனைப் பெண்கள் கற்பனை இல்லை. அவர்களை மெய்க்கீர்த்தி முடியோடு சேர்த்து ஒரு வரியில் முடித்துவிட்டது. தமிழ்நாட்டில் சோழப் பெருமை கொடிகட்டிப் பறந்த காலத்தில், வாரப் பத்திரிகை வாசகருக்கு எழுதிய ஒருவர், தோற்ற நாட்டு இளவரசியின் மனதுக்குள் இத்தனை அத்தியாயம் நின்றாரே, அதை நான் பெரிதாகத்தான் நினைக்கிறேன்.

சேர் முழுதாக ஏற்கவில்லை. அவள் மனதுக்குள் போனது சரி, ஆனால் அவளைக் கடைசியில் யாரை நேசிக்க வைத்தார் பார் என்றார். வென்றவனைத் தோற்றவளே விரும்பிவிட்டால் வெற்றிக்கு ஒரு வெள்ளைச் சாயம் கிடைத்துவிடுகிறது, அதுதான் இந்த வகைக் கதைகளின் ஆபத்து என்பது அவர் வாதம். இது பலமான வாதம், இன்னும் என்னால் அதைத் தாண்ட முடியவில்லை. ரோகிணி தகப்பனுக்கும் இளங்கோவுக்கும் நடுவில் தடுமாறும் பக்கங்களில் எனக்கு அது தோன்றவில்லை, அங்கே அகிலன் யாருக்கும் சலுகை கொடுக்கவில்லை. படையெடுப்புகள் பெருகுகிற பிற்பகுதியில்தான் வெற்றிகளின் சத்தத்தில் அவள் குரல் அமுங்கிப் போகிறது. எனக்கு நாவல் ரோகணத்து மலைகளோடேயே நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மருமகள் ஒருத்தி, பத்தொன்பது வயது, பாதிப் புத்தகத்தில் தலையை நிமிர்த்தி ஒரு கேள்வி கேட்டாள்: “அவ எந்த பாஷையில அவனோட கதைக்கிறா?” கொழும்பில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் இது உடனே தோன்றும். பஸ்ஸில் சிங்களம், வீட்டில் தமிழ், வகுப்பில் இங்கிலீஷ் என்று நாளுக்குப் பத்து முறை மாறுகிறவள். நான் சேரிடம் கொண்டுபோனேன். அந்தக் காலத்து அரண்மனைகள் ஒரே மொழி அரண்மனைகள் இல்லை, மகிந்தனின் படையிலேயே சிங்களவரோடு கேரளரும் கன்னடரும் இருந்தார்கள், பிற்பாடு சோழரை 1070இல் துரத்திய சிங்கள அரசன் விஜயபாகுவே தன் தங்கை மித்தாவைப் பாண்டிய இளவரசனுக்குத்தான் கட்டிக்கொடுத்தான் என்றார். அவளுக்கு அது போதவில்லை. கோபத்தில் அவள் எந்த மொழியில் திட்டியிருப்பாள் என்று அகிலன் எழுதியிருக்க வேண்டும் என்கிறாள். நல்ல ஆசை.

இன்னொருவர் சொன்னது காதலைப் பற்றி இல்லை. எண்பதுகளின் கடைசியில் பம்பலப்பிட்டியில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போய்வந்த அக்கா அவர். இந்த நாவலைப் பஸ்ஸில் வாசிக்கும்போது அட்டைக்குப் பிரவுண் பேப்பர் உறை போட்டு வைத்திருந்தாராம். சோதனைச் சாவடியில் பையைத் திறந்தால் அட்டையில் புலிக்கொடி தெரியக் கூடாதே என்று. பள்ளிக் கொப்பிக்குப் போடுகிற மாதிரி மடித்து, மேலே தன் பெயரையும் ‘கணக்கு’ என்றும் எழுதிவிட்டாராம். உள்ளே ரோகிணி. மறுபக்கம், சோழர் பெயரை வீரத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டவர்களும் அப்போது இருந்தார்கள், அவர்களில் யாரும் ரோகிணியைப் பற்றிப் பேசியதை நான் கேட்கவில்லை என்றார். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரே புத்தகத்தில் ஒருத்தர் முடியை எடுத்துக்கொண்டார், இன்னொருத்தர் அந்தப் பெண்ணை எடுத்துக்கொண்டார்.

நடையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வர்ணனை கூடுதல்தான். அத்தியாயத்துக்கு அத்தியாயம் முடிவில் ஒரு தூக்கல், அடுத்த வாரம் வரை காக்க வைக்க. ஒரே மூச்சில் வாசிக்கும்போது அது சலிப்புத் தருகிறது, நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்று வாசித்தால் தருவதில்லை.

அண்மையில் பொலன்னறுவைக்குப் போனபோது இரண்டாம் சிவ தேவாலயத்துக்கு முன்னால் நிறைய நேரம் நின்றேன். ராஜராஜனின் தேவி வானவன்மாதேவியின் பெயரால் சோழர் கட்டிய கருங்கற் கோயில், அந்த நகரில் இருக்கிற பழைய கட்டடங்களில் மிகப் பழையது என்பார்கள். சுவரில் தமிழ் எழுத்து. வென்றவர்கள் தங்கள் வீட்டுப் பெண்ணின் பெயரைக் கல்லில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மகிந்தன் வீட்டுப் பெண்களின் பெயருக்கு அப்படி ஒரு கல் இல்லை. சூளவம்சம் பெயர் சொல்லிப் பேசுவது மகன் காசியப்பனை. உறுகுணை மக்கள் ஒளித்து வளர்த்த பிள்ளை, பன்னிரண்டு வயதில் அவனைப் பிடிக்கச் சோழர் 95,000 பேரை அனுப்பினார்கள் என்று அது சொல்கிறது, எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை, ஆனால் பிடிக்க முடியாமல் திரும்பினார்கள். தமிழில் இங்கிருக்கும் ஒருவர் அந்தப் பிள்ளையின் பக்கத்திலிருந்து ஒரு நாவல் எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை. சிங்களத்தில் யாராவது ரோகிணியை எழுத வேண்டும் என்றும் ஆசை.

இப்போது பிரதி மாமியிடம் இருக்கிறது, அருள்மொழிக்காக மறுபடி வாசிக்கிறார். அதற்கடுத்து சேரின் மகள். யாரிடமாவது கல்கியில் வந்த தொடர் கிழித்துத் தைத்த பைண்டாக இருந்தால், படங்களோடு இருந்தால் இன்னும் நல்லது, எனக்கு எழுதுங்கள். வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை எங்கே என்றாலும் நானே வந்து வாங்கிக்கொண்டு, வாசித்துவிட்டுத் திருப்பித் தருவேன். அந்த ஹட்டன் தங்கச்சி இரண்டாம் முறை தொடங்கச் சம்மதித்திருக்கிறாள், இளங்கோ வரும் பக்கங்களைத் தாண்டிப் போக அனுமதி உண்டு என்ற நிபந்தனையோடு.