கொலாய்டு என்று நினைத்தது

தைராய்டு கட்டியில் ஊசி குத்தி எடுத்த ஸ்லைடு நோயியல் மருத்துவரான என் மேசைக்கு வந்தால், கண் முதலில் பாப்பில்லரி புற்றைத்தான் தேடும். தைராய்டு புற்றுநோய்களில் பத்தில் எட்டு அதுதானே. பழகிய கண்ணுக்கு உட்கருவில் விழுந்த கோடுகளே காட்டிக்கொடுத்துவிடும். ஃபாலிகுலர் புற்று வேறு ரகம். அது தன்னைச் சுற்றிய உறையைத் துளைத்திருக்கிறதா என்பது கட்டியை வெட்டி எடுத்த பிறகுதான் தெரியும். என்னைச் சறுக்க வைத்தது இரண்டுமில்லை, அபூர்வமாக வரும் மெடுல்லரி புற்று.

அந்த ஸ்லைடில் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறிக் கிடந்தன. சைட்டோபிளாசம் தாராளம், உட்கரு ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தது. நடுநடுவே ஊதாத் திட்டுகள். தைராய்டில் வழக்கமாக இருக்கும் பசைப்பொருளான கொலாய்டு என்று எடுத்துக்கொண்டு, சைட்டோபிளாசம் தாராளமாக உள்ள ஹர்த்தில் செல் கட்டியாக இருக்கலாம் என, ஊசிப் பரிசோதனை முடிவுகளை வகைப்படுத்தும் பெதஸ்டா முறையில் நான்காம் வகை (புற்றா இல்லையா என்று வெட்டி எடுத்த பிறகே சொல்ல முடிகிற வகை) போட்டு அனுப்பிவிட்டேன். சாயங்கால நேரம், தட்டில் இன்னும் நிறைய ஸ்லைடு காத்திருந்தது. (சாக்குதான்.)

மறுநாள் மூத்த மருத்துவர் ஒருவர் கேட்டார்: "பாப் சாயம் போட்டதையும் பார்த்தீங்களா, டாக்டர்?" நான் கீம்சா என்ற இன்னொரு சாயமிட்ட ஸ்லைடோடு நிறுத்தியிருந்தேன். பாப் ஸ்லைடில் உட்கரு உப்பும் மிளகும் தூவியது போலப் பொரிப்பொரியாக இருந்தது. அந்த ஊதாத் திட்டுகளைக் காங்கோ ரெட் சாயமிட்டு போலரைஸ்டு ஒளியில் பார்த்தால் ஆப்பிள் பச்சை. அது கொலாய்டு இல்லை, மெடுல்லரி புற்றில் படியும் புரதமான அமிலாய்டு.

உடனே அறுவை மருத்துவருக்குப் போன் செய்து, ரத்தத்தில் அந்தப் புற்று சுரக்கும் கால்சிட்டோனின் ஹார்மோனைப் பார்க்கச் சொன்னேன். எக்கச்சக்கமாக இருந்தது. பாதி தைராய்டை மட்டும் எடுக்க ஏற்கெனவே தேதி குறித்திருந்தார்கள். மெடுல்லரிக்கு அது போதாது. முழுச் சுரப்பியோடு கழுத்தின் நிணக் கணுக்களையும் எடுக்க வேண்டும். இது கிளம்புவது தைராய்டில் கால்சிட்டோனின் சுரக்கும் சி செல்களிலிருந்து. அவை அயோடினை உறிஞ்சாது, ஆகவே மிச்சத்தைக் கதிரியக்க அயோடின் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்ற வழியும் இல்லை. அப்புறம், நான்கில் ஒன்று பரம்பரையாக, ஆர்.இ.டி மரபணுக் கோளாறால் வருவது. அப்படிப்பட்டவர்களுக்கு அட்ரினல் சுரப்பியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற, ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஹார்மோன்களைச் சுரக்கும் கட்டி ஒளிந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் மயக்கமருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் எகிறி, மேசையிலேயே உயிர் போகலாம்.

தேதியைத் தள்ளிவைத்தார்கள். நான் திருத்திய அறிக்கை எழுத உட்கார்ந்தேன். பழையதை ஏன் மாற்றுகிறேன் என்று அதில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த ஒரு வரிக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.