கைராசி டாக்டர், வாய்தான் பிரச்சினை

ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி இப்படி ஒருவர் இருப்பார். கைராசிக்காரர், நோயாளிகள் தேடி வருவார்கள், சிக்கலான கேஸ் என்றால் அவரிடம்தான் போகும். ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் அவர் பக்கத்தில் நிற்க ஒருத்தருக்கும் பிடிக்காது. நான் சர்ஜரி பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பு எடுத்தபோது அப்படி ஒருவரைப் பற்றிய புகார்களும் நாற்காலியோடு சேர்ந்தே வந்தன. "அவர் சுபாவமே அப்படித்தான் சார், மனசில ஒண்ணும் வச்சுக்க மாட்டார்" என்று எல்லோரும் ஒரே சமாதானத்தைச் சொன்னார்கள். அவர் வைத்துக்கொள்ளவில்லை, சரி. வாங்கிக்கட்டிக்கொண்டவர்கள் வைத்துக்கொண்டுதானே இருந்தார்கள்?

விஷயம் முற்றியது ஒரு மாப்பால். வயிற்று ஆபரேஷன், முடித்துத் தையல் போடும் நேரம், ரத்தம் ஒற்றும் துணியான மாப் எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது, அது வயிற்றுக்குள்ளேயே தங்கியிருக்கலாம். கொஞ்ச நேரம் முன்னால்தான் நம் டாக்டர், தையல் ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டர் சரியில்லை என்று அதை டிரேயில் விட்டெறிந்து, கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸைக் கண்டபடி பேசியிருக்கிறார். அந்த நர்ஸ் வாயைத் திறக்காமல் மறுபடி எண்ணுகிறார், இன்னொரு முறை எண்ணுகிறார். ஊசி கைக்கு வர நேரமாவதைப் பார்த்து மயக்க டாக்டர்தான் "கவுண்ட் சரியா இருக்கா சிஸ்டர்?" என்று கேட்டிருக்கிறார். நல்லவேளை, மாப் கீழே விரிப்பு மடிப்பில் கிடந்தது. அந்த நர்ஸ் பிறகு எழுதிக் கொடுத்த பேப்பரில் ஒரு வரி இருந்தது: "சொன்னால் திட்டுவார் என்று பயந்து மறுபடி எண்ணிக்கொண்டிருந்தேன்." சுபாவம் என்ற பேச்சு அந்த வரியோடு முடிந்தது.

இதைப் பற்றிப் படித்துப் பார்த்தால் புதுப் பிரச்சினை ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன், இப்படிப்பட்ட நடத்தை நோயாளியின் பாதுகாப்பையே கெடுக்கிறது என்று 2008 ஜூலையில் தனி எச்சரிக்கையே விட்டது. எது ஏற்கத்தகாத நடத்தை என்று எழுதி வைத்து, அது நடந்தால் கையாள ஒரு வழிமுறையும் வைத்திருக்க வேண்டும் என்பது 2009இல் அங்கே விதியானது. 2015இல் வந்த ஓர் ஆய்வு என்னை இன்னும் யோசிக்க வைத்தது. பச்சிளம் குழந்தைகள் ஐசியூவைச் சேர்ந்த 24 குழுக்களுக்கு ஒரு பயிற்சி கேஸ் கொடுத்தார்கள். சில குழுக்களிடம் மட்டும் வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் லேசாக மட்டம் தட்டிப் பேசினார். கத்தவெல்லாம் இல்லை. அதற்கே அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் கைவேலையிலும் பின்தங்கின.

சரி, எங்கே ஆரம்பிப்பது? ஃபைலைத் திறந்தால் "கோபக்காரர்", "மரியாதை இல்லாமல் பேசுகிறார்", "ஆணவம்". இதை வைத்துக்கொண்டு யாரிடமும் பேச முடியாது, அவர் பதிலுக்கு "நீங்க சோம்பேறிங்க" என்பார், அத்தோடு முடிந்தது. அதனால் புகார் சொன்னவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து, என்றைக்கு, எந்த இடத்தில், யார் இருந்தார்கள், அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை என்ன, அதனால் வேலையில் என்ன ஆனது என்று மட்டும் எழுதித் தரச் சொன்னேன். சிலர் எழுத மறுத்துவிட்டார்கள். பயம். அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. சில பழைய புகார்கள் இப்படிக் கேட்டதும் கரைந்தும் போயின, வெறும் வதந்தி.

அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஜெரால்ட் ஹிக்சன் குழுவினர் இதற்கு ஒரு படிவரிசை வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு சம்பவம் என்றால் சக டாக்டர் ஒருவர் காபி குடித்துக்கொண்டே காதில் போடுவது. அதுவே தொடர்ந்தால் விவரங்களை எடுத்து வைத்துக் காட்டுவது. அதற்கும் அசையாவிட்டால் மேலிடம் தலையிட்டுத் திட்டம் போடுவது. கடைசியில்தான் ஒழுங்கு நடவடிக்கை. பெரும்பாலானவர்கள் முதல் படியிலேயே திருந்திவிடுவார்கள் என்பது அவர்கள் அனுபவம். எங்கள் ஆள் அந்தப் படியை எப்போதோ தாண்டியிருந்தார். ஆனால் யாரும் அவரிடம் ஒரு தடவைகூட நேராகச் சொன்னதில்லை! இத்தனை வருஷம் எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால்தான் பேசியிருக்கிறார்கள். எனவே முதல் படியிலிருந்தேதான் தொடங்கினேன்.

ஆபரேஷன் முடிந்து வந்த சூட்டில் பேசக்கூடாது, தாழ்வாரத்தில் நிறுத்திப் பேசக்கூடாது, எச்.ஆர். ஆள் முதல் சந்திப்பில் வேண்டாம். ஓ.பி. இல்லாத ஒரு மதியம், என் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். அந்த நர்ஸிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தேன், ஏனென்றால் எந்த ஆபரேஷன் என்று சொன்னாலே யாரென்று தெரிந்துவிடும். நடந்ததை நாலு வாக்கியத்தில் சொன்னேன். "யார் சொன்னது?" என்றார் முதலில். எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்பார்களாம். "அது முக்கியமில்லை சார், யாரையாவது இதுக்காகப் பழிவாங்கினா அது தனிக் கேஸ் ஆயிடும்" என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அப்புறம், "சொல்ல வேண்டியதுதானே, நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "கவுண்ட் குறையுதுன்னு தெரிஞ்சும் சொல்லலையா?" என்று வேறு குரலில் கேட்டார். அன்றைக்கு அதற்கு மேல் பேசவில்லை.

ஒரு பேச்சில் மாறிவிட்டார் என்று எழுத ஆசைதான். சில வாரம் அமைதி, பிறகு ஜூனியர் ஒருவரை நோயாளியின் உறவினர்கள் முன்னாலேயே "உனக்கெல்லாம் யார் டிகிரி குடுத்தது" என்று கேட்டுவிட்டார். இந்த முறை மெடிக்கல் சூப்பிரண்டும் உட்கார்ந்தார், எல்லாச் சம்பவமும் மேசைமேல். கூடவே, கூட வேலை செய்பவர்களிடம் பெயரில்லாமல் ஒரு சர்வேயும் எடுத்திருந்தோம். அதில் அவர் தனக்குத்தானே போட்ட மார்க்கும் மற்றவர்கள் போட்டதும் மலைக்கும் மடுவுக்கும். அந்தத் தாளைத்தான் அவர் நெடுநேரம் பார்த்தார். எங்கள் வாதமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

அடுத்து மருத்துவப் பரிசோதனை. இதை யாரும் தண்டனை மாதிரி சொல்லிவிடாதீர்கள். திடீரென்று எரிந்துவிழும் டாக்டருக்குப் பின்னால் தூக்கமின்மை இருக்கலாம், மனச்சோர்வு இருக்கலாம், குடி இருக்கலாம், அரிதாக மூளை சம்பந்தமான நோயும் இருக்கலாம். பார்ப்பவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வெளியே உள்ள மனநல மருத்துவராக இருக்க வேண்டும், எங்களுக்கு வரும் ரிப்போர்ட்டில் வேலைக்குத் தகுதியா, என்ன ஏற்பாடு தேவை என்பது மட்டும் இருக்க வேண்டும் என்று எழுதியே ஒப்புக்கொண்டோம். என்ன கண்டுபிடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. கூப்பிட்டால் வர வேண்டிய இரவு ஆன்கால் டூட்டியைத் தொடர்ச்சியாகப் போடக்கூடாது என்று வந்தது, மாற்றிவிட்டோம்.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். மழுங்கிய கத்தரி, பாதி கருவி இல்லாத செட், காலை ஆபரேஷன் லிஸ்ட் தினமும் தாமதம். இதையெல்லாம் அவர் வருஷக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தார், கத்துகிறார் என்பதாலேயே யாரும் காதில் வாங்கவில்லை. ஒவ்வொன்றையும் எழுதி வாங்கி, தேதி போட்டுச் சரிசெய்தோம். ஆனால் இரண்டையும் ஒரே பேச்சில் கலக்க விடவில்லை. "செட் சரியில்லை, அதான் எறிஞ்சேன்" என்று அவர் ஆரம்பிக்கும்போதெல்லாம், செட்டைப் பற்றி நாளைக்குப் பேசலாம், எறிந்ததைப் பற்றி இன்றைக்கு என்பேன்.

கடைசியாக ஒப்பந்தம். மூன்று பக்கம். பொருளை எறிவது, நோயாளி முன்னால் யாரையும் திட்டுவது, போனை எடுக்காமல் இருப்பது என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக, "மரியாதையாக நடந்துகொள்வேன்" என்ற வழவழா வரி ஒன்றுகூட இல்லாமல். மாதம் ஒரு முறை என்னோடு சந்திப்பு, வெளியில் ஒரு பயிற்சியாளர், ஆறு மாதத்தில் மறுபடி சர்வே, மீறினால் எந்த மீறலுக்கு என்ன நடக்கும் என்பது வரிசையாக. நிர்வாகம் கடைசி நேரத்தில் பின்வாங்கப் பார்த்தது, அவர் கோபித்துக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் வருமானம் போகுமே என்று. அவரால் வேலையை விட்டுப் போன நர்ஸ்களுக்குப் பதில் ஆள் எடுத்துப் பழக்கிய செலவைக் கணக்குப் போட்டுக் காட்டினேன், அதற்கப்புறம்தான் கையெழுத்து விழுந்தது.

இரண்டாவது சர்வே முதலாவதைவிட நன்றாகவே வந்தது, பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ஒரு முறை ஒப்பந்தத்தை மீறினார், எழுதியிருந்தபடியே சில நாள் ஆபரேஷன் லிஸ்டிலிருந்து நிறுத்தி வைத்தோம், அவர் வாதாடவில்லை. குரல் இன்னும் உயரும், ஆனால் பொருள் பறப்பதில்லை. தையலுக்கு முன் கவுண்ட்டை அவரே சத்தமாகக் கேட்கிறார். மாப் சம்பவத்து நர்ஸ் இப்போது வேறு தியேட்டரில் இருக்கிறார், திரும்பி வர விருப்பமா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார், அது அவர் உரிமை.

இப்போது இன்னொரு பிரிவிலிருந்து வேறு மாதிரி ஒருவரின் ஃபைல் வந்திருக்கிறது. இவர் கத்தவே மாட்டார். ராத்திரி கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டார், கேஸ் ஷீட்டில் அடுத்த டாக்டரைக் குத்தி எழுதுவார், ஜூனியர் சந்தேகம் கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். எங்கள் மூன்று பக்க ஒப்பந்தம் இவருக்குப் பாதிதான் பொருந்தும், புதிதாகத்தான் எழுத வேண்டும்.