பி.ஏ. சமூகவியல்: உதாரணத்தை நம் ஊரிலிருந்து எடுங்கள்

ஆறாவது செமஸ்டர் ரிசல்ட் வந்துவிட்டது. அரியர் இல்லாமல் பி.ஏ. சமூகவியல் முடித்தாயிற்று. "அதைப் படிச்சு என்ன பண்ணப் போற?" என்று குடியாத்தத்தில் எங்கள் தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறது. எல்லாம் மறந்துபோவதற்குள், வேலூர்ப் பக்கம் இந்தப் பாடத்தை எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதிவிடுகிறேன். கேள்வித்தாள் அமைப்பு உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

என்னைக் கரைசேர்த்தது ஒரே ஒரு பழக்கம்தான். ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் நம் ஊரிலிருந்து ஓர் உதாரணம். கூடவே, அந்தக் கோட்பாடு நம் ஊரில் எந்த இடத்தில் பொருந்தாமல் நிற்கிறது என்று ஒரு வரி. நோட்டில் இடது பக்கம் கோட்பாடு, வலது பக்கம் ஊர். கைடில் இருக்கும் உதாரணத்தை எல்லோரும்தான் எழுதுவார்கள். ஒரே வரியைக் கட்டுக் கட்டாகத் திருத்துகிறவருக்கு உங்கள் தாள் தனியாகத் தெரிய வேண்டாமா?

மார்க்ஸ் சொல்லும் அந்நியமாதலை எடுத்துக்கொள்ளுங்கள். செய்த பொருளிலிருந்து, வேலையிலிருந்து, தன் மனித இயல்பிலிருந்து, சக மனிதரிடமிருந்து தொழிலாளி பிரிந்துபோகிறார் என்று நான்கையும் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் பத்து மதிப்பெண் கேள்விக்கு அது அரைப் பக்கம்கூட வராது. ஆம்பூர் ஷூ கம்பெனிக்குக் காலையில் வேனில் போகும் அக்காக்களிடம் பேசிப் பார்த்தேன். ஒருவர் தைப்பார், ஒருவர் பசை தடவுவார், முழு ஷூ யார் கையிலும் உருவாவதில்லை. அது எந்த நாட்டில் என்ன விலைக்குப் போகிறது என்பதும் தெரியாது. இது நேராகப் பொருந்துகிறது.

என் சித்தி பீடி சுற்றுகிறார். திண்ணையில், மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்களோடு பேசிக்கொண்டேதான் வேலை. எப்போது உட்காருவது, எப்போது எழுந்திருப்பது எல்லாம் அவர் விருப்பம் என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். ஆனால் இலையும் தூளும் ஏஜெண்ட் கொடுப்பவை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சரியில்லை என்று ஏஜெண்ட் கழித்துப் போடும் பீடிக்குக் காசு இல்லை. கூலியை நினைத்தால் பாதியில் எழுந்திருக்கவும் முடியாது. ஆக, சக மனிதரிடமிருந்து பிரிவது இங்கே குறைவு, பொருளிலிருந்து பிரிவது முழுசாக இருக்கிறது. இந்த ஒப்பீட்டை எழுதினால் விடை தானாக இரண்டு பக்கம் ஓடும். "இதையெல்லாமா பரீட்சையில கேக்கறாங்க?" என்று சித்தி ஆச்சரியப்பட்டார். இதைத்தான் கேட்கிறார்கள், நாம்தான் கைடில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

டர்க்கைமின் சமயக் கோட்பாட்டுக்கு எங்கள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை எழுதுவேன். வைகாசி முதல் நாள் அம்மன் சிரசு ஊரைச் சுற்றி வரும்போது கூட்டத்துக்குள் நின்று பாருங்கள். கூட்டு உணர்ச்சிப் பெருக்கு என்று அவர் 1912-இல் எழுதியது உடம்பிலேயே புரியும். பொருந்தாத இடமும் அங்கேயே இருக்கிறது. ஊர்வலம் வருவது சிரசு மட்டும்தான். அது கடைசியில், கோயில் கதையில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணாக வரும் சண்டாளச்சியின் உடலில் பொருத்தப்படுகிறது. சடங்கு எல்லோரையும் ஒன்றாக்குகிறது என்று மட்டும் எழுதி முடித்தால், அந்தக் கதைக்குள் இருக்கும் சாதி அடுக்கைப் பார்க்காமல் விட்டதாகிவிடும்.

மெர்ட்டனின் வெளிப்படை, மறைமுகச் செயல்பாடுகளுக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை போதும். மருத்துவம் பார்ப்பது வெளிப்படை. அதைச் சுற்றிக் காந்தி ரோட்டில் முளைத்த லாட்ஜுகள், வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த சாப்பாட்டுக் கடைகள், இந்தியில் பேரம் பேசக் கற்றுக்கொண்ட ஆட்டோக்காரர்கள், இதெல்லாம் யாரும் திட்டமிட்டதில்லை, அதனால் மறைமுகம்.

இன்னொன்று, நம் பழைய வட ஆற்காடு மாவட்டம் சமூக ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப வந்த மண். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1918-இல் வெளியிட்ட தென்னிந்திய கிராமங்கள் பற்றிய நூலில் நம் பக்கத்து தூசி கிராமம் இருக்கிறது. 1970-களில் பசுமைப் புரட்சியை ஆராய கேம்பிரிட்ஜிலிருந்து வந்தவர்களும் வட ஆற்காட்டு ஊர்களில்தான் தங்கினார்கள். ஆரணியை பார்பரா ஹாரிஸ்-வைட் 1973 முதல் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார். ஊரகச் சமூகவியல் தாளில் இந்தப் பெயர்களை எழுதுங்கள். எங்கிருந்தோ வந்தவர்கள் நம் நெல் மண்டியைப் பார்த்துப் புத்தகம் எழுதியிருக்கும்போது, நாம் உதாரணத்துக்கு அமெரிக்கா போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

மற்றவை சுருக்கமாக:

தற்கொலை பற்றிய டர்க்கைமின் (1897) நான்கு வகைகளைத் தனித்தனியாகப் படிக்காதீர்கள். ஒருங்கிணைப்பு, ஒழுங்குமுறை என்று இரண்டே அளவுகோல். ஒவ்வொன்றும் மிகுந்தால் ஒரு வகை, குறைந்தால் ஒரு வகை.

எம்.என். சீனிவாஸ்: சமஸ்கிருதமயமாக்கல் (கீழ்ச்சாதியினர் மேல்சாதி வழக்கங்களைப் பின்பற்றி உயரப் பார்ப்பது) என்றால் குடகு (1952), ஆதிக்கச் சாதி என்றால் மைசூர்ப் பக்கத்து ராம்புரா கிராமம். பலர் இரண்டையும் குழப்புகிறார்கள். ஆந்த்ரே பெத்தேயின் 1965 ஆய்வு தஞ்சாவூர் கிராமம்.

ஆய்வு முறைகள்: நேர்காணல் அட்டவணையை ஆய்வாளர் நிரப்புவார், வினாநிரலைப் பதில் சொல்பவரே நிரப்புவார். இந்த வித்தியாசத்தைப் பரீட்சையில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

சுற்றுச்சூழல் தாள்: தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கு, உச்ச நீதிமன்றம், 1996. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், முன்னெச்சரிக்கை வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் அதில் வருகின்றன.

புத்தகம்: என்.சி.இ.ஆர்.டி. 11, 12-ஆம் வகுப்பு சமூகவியல், அப்புறம் இக்னோ பாடங்கள். இணையத்தில் இலவசம்.

ப்ராஜெக்டுக்குத் தொழிற்சாலை வாசலில் நின்று கேள்வி கேட்காதீர்கள், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போங்கள், தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு.

நூலகத்தில் மௌனமாக உட்கார்ந்து படிப்பது எனக்கு ஒத்துவராது. வாய்விட்டு யாருக்காவது சொன்னால்தான் மனதில் நிற்கும். பள்ளிகொண்டா வழியாக வரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுத் தோழிக்கு வெபரின் அதிகார வகைகளை விளக்கியபடியே வந்துதான் அந்தத் தாளைத் தேறினேன். நீங்களும் இப்படி ஓர் ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் அம்மாவிடம் சொல்லுங்கள். அவருக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால் பரீட்சையிலும் எழுத முடியும்.

சிந்தனையாளர்கள் தாளில் அரியர் வைத்திருப்பவர்கள் நவம்பருக்கு டர்க்கைமிலிருந்து தொடங்குங்கள். அடுத்து மார்க்ஸ், வெபர். இந்த மூவருக்கும் வலது பக்கம் நிரம்பிய பிறகு காம்ட், ஸ்பென்சர் பக்கம் போனால் போதும்.