கற்பாசி, வெங்காயப் பூஞ்சை, செவ்வாய்: சேலத்திலிருந்து ஓர் ஏப்ரல் நாட்குறிப்பு

ஏப்ரல் 3, 2025, வியாழன்

கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து ஒரே செய்தி: "செவ்வாயில் வளரும் பாசி!" ஆளாளுக்கு எனக்கும் தனியாக அனுப்பி, "மேம், நிஜமா?" என்று கேட்கிறார்கள். மூலக் கட்டுரையைத் தேடிப் படித்தேன்.

போலந்து ஆராய்ச்சியாளர்கள் செய்தது. டிப்ளோஸ்கிஸ்டஸ் மஸ்கோரம், செட்ரேரியா அக்குலியேட்டா என்ற இரண்டு லைக்கன்களை (பூஞ்சையும் ஆல்காவும் ஒரே உடம்பாகச் சேர்ந்த உயிர்கள்), செவ்வாயின் வாயு, அழுத்தம், குளிர் எல்லாம் உண்டாக்கிய ஒரு கலத்துக்குள் வைத்து ஐந்து மணி நேரம் எக்ஸ் கதிர் பாய்ச்சியிருக்கிறார்கள். மொத்தம் 50 கிரே (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). சூரியன் உக்கிரமாக இருக்கும் ஓர் ஆண்டில் செவ்வாயின் தரையில் விழக்கூடிய அளவாம். நம் உடம்புக்கு 5 கிரேயே பெரும்பாலும் உயிருக்கு உலை. டிப்ளோஸ்கிஸ்டஸில் இருக்கும் பூஞ்சை அவ்வளவுக்கும் நடுவில் இயங்கிக்கொண்டே இருந்தது. மற்றது அந்த அளவுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை.

இதுபோன்ற சோதனைகளில் பெரும்பாலும் உயிர்களைக் காயவைத்துத்தான் உள்ளே வைப்பார்கள். இங்கே ஈரத்தோடு, இயங்கும் நிலையில் வைத்திருக்கிறார்கள். செல்லுக்குள் தண்ணீர் இருந்தால் கதிர் அந்தத் தண்ணீரையே உடைத்து, அதில் பிறக்கும் துணுக்குகளால் கூடுதல் சேதம் செய்யும். அதையும் தாங்கியதுதான் செய்தி. வளர்ந்தது என்று கட்டுரையில் எங்குமே இல்லை. இவ்வளவு அழகான ஒரு முடிவைத் தலைப்புக்காக ஏன் ஊதிப் பெருக்க வேண்டும்? வருத்தமாக இருக்கிறது.

ஏப்ரல் 5, சனி

வெயில் தாங்கவில்லை. லீ பஜாரில் மளிகை வாங்கும்போது ஐம்பது கிராம் கற்பாசியும் கேட்டேன்.

"பிரியாணிக்குங்களா டீச்சர்?"

"இல்லைங்கண்ணா, லேபுக்கு. இதுவும் லைக்கன்தான். பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து ஒரே உடம்பாக வாழுதுங்க."

"அப்ப இது காளானுக்குச் சொந்தமுங்களா?" என்று ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆமாம், தூரத்துச் சொந்தம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

முதல் பஸ்ஸில் ஏற்காடு. எஸ்டேட்களில் அங்கங்கே காப்பிப் பூ. பகோடா பாயிண்ட் பக்கம் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். சேர்வராயன் மலையின் பாறை சார்னோகைட், கருத்துக் கெட்டிப்பட்டது. மத்தியானம் கையை வைத்தால் சுடுகிறது. அதன்மேல்தான் சாம்பல் நிறத்தில் லைக்கன் ஒட்டிக்கிடக்கிறது.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வெடித்த கரிசல் நிலம் மாதிரி சின்னச் சின்னக் கட்டங்கள், விளிம்பில் மைக்கோடு போல ஒரு கறுப்பு வரி. ஆல்கா இல்லாமல் பூஞ்சை மட்டும் முன்னே போகும் இடம் அது. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. பாட்டிலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். உறிஞ்சிக்கொண்டது, ஒரு நிமிடத்துக்குள் சாம்பல் போய்ப் பச்சை எழுந்தது. காய்ந்திருக்கும்போது மேல்தோல் வெளிச்சத்தை மறைக்கிறது, நனைந்ததும் கண்ணாடியாகிறது, உள்ளே இருக்கும் ஆல்கா தெரிகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு மனசு துள்ளும்.

ராத்திரி வீட்டில் கடைக் கற்பாசியையும் நனைத்துப் பார்த்தேன். எப்போது பறித்ததோ, எந்த மூட்டையில் எத்தனை மாதம் கிடந்ததோ. அதுவும் லேசாகப் பச்சை காட்டியது! ஆக, நிறம் திரும்பினால் உயிர் திரும்பியது என்று அர்த்தமில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

அந்தக் கற்பாசித் துண்டு மனசை விட்டுப் போகவில்லை. அதே கேள்வியைத் தொட்ட, கிரையோமைசஸ் என்ற பூஞ்சை பற்றிய பழைய கட்டுரைகளை எடுத்தேன்.

அண்டார்டிகாவில் மெக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குகள் என்று ஓர் இடம். பனிகூடத் தங்காத குளிர்ப் பாலைவனம். அங்கே மணற்பாறையின் மேல் ஒன்றும் இருக்காது. பாறைக்குள், சில மில்லிமீட்டர் ஆழத்தில், மணல்துகள்களின் இடுக்கில் வாழ்கிறது கிரையோமைசஸ் அண்டார்க்டிகஸ் என்ற கரும்பூஞ்சை. நூல் விட்டுப் படராது. தடித்த சுவருள்ள செல்கள் உருண்டை உருண்டையாகக் கட்டியாகிக் கிடக்கும். சுவர் முழுக்க மெலனின். நம் தோலில் இருப்பது போன்ற கருமை, புற ஊதாவைக் குடித்துக்கொள்ளும்.

இத்தாலியின் டூசியா பல்கலைக்கழகத்து சில்வானோ ஒனோஃப்ரி குழு இதை 2008 பிப்ரவரியில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பியது. அதிலுள்ள கொலம்பஸ் ஆய்வுக்கூடத்தின் வெளிப்புறத்தில் எக்ஸ்போஸ்-ஈ என்ற தட்டு. சில மாதிரிகளுக்கு வெட்டவெளி வெற்றிடம், சிலவற்றுக்குச் செவ்வாய் போல கார்பன் டை ஆக்சைடு நிறைந்த மெல்லிய காற்று. ஒன்றரை ஆண்டு கழித்து, 2009 செப்டம்பரில் பூமிக்கு வந்தன.

செவ்வாய்ச் சூழலில் இருந்தவற்றை இரண்டு விதமாகச் சோதித்தார்கள். பூஞ்சை வளர்க்கும் ஊடகத்தில் பரப்பி, எவை முளைத்துப் பெருகுகின்றன என்று எண்ணினார்கள்: பத்து சதவீதத்துக்கும் குறைவு. அப்புறம் ஒரு சாயம். சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டும் நுழைந்து டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட டிஎன்ஏ, டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறையில் பெருகாது. அந்தக் கணக்கில் அறுபது சதவீதத்துக்கு மேல் செல்கள் கிழியாமல் இருந்தன.

அறுபதுக்கும் பத்துக்கும் இடையில் இருப்பவை என்ன? உடம்பு முழுசாக இருக்கிறது, டிஎன்ஏ இருக்கிறது, ஆனால் பெருகவில்லை. என்னைக் கேட்டால் இந்தப் பரிசோதனையின் சாரமே அந்த இடைவெளிதான். செவ்வாயில் உயிரின் சுவடு தேடுகிறவர்களுக்கு அறுபது முக்கியம்: செத்தபின்னும் செல் கலையாமல் கிடக்கலாம். இங்கிருந்து எந்த உயிரையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடக் கூடாது என்று கவலைப்படுகிறவர்களுக்குப் பத்து முக்கியம். "வளரும்" என்ற தலைப்பு இரண்டையும் விழுங்கிவிடுகிறது.

ஏப்ரல் 9, புதன்

சாம்பாருக்கு வெங்காயம் உரிக்கையில் தோலுக்கு அடியில் கருப்புப் பொடி. ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர்! இதன் வித்துகளை 2019 செப்டம்பரில் நாசா பலூனில் ஏற்றி, ஏறக்குறைய 38 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே காற்றழுத்தமும் குளிரும் புற ஊதாவும் செவ்வாய்த் தரையை ஒத்திருக்கும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் வெயில் பட்டும் வித்துகளில் ஒரு பங்கு பிழைத்துத் திரும்பியது. இது விண்வெளி நிலையத்துக்குள்ளும் இருக்கும் பூஞ்சை. மனிதர் போகும் இடமெல்லாம் கூடவே வரும். இதற்கு அண்டார்டிகா வேண்டியதே இல்லை, நம் அடுக்களையே போதும்.

ஏப்ரல் 11, வெள்ளி

கீழே விழுந்த சில்வர் ஓக் கிளையில் ஒட்டியிருந்த லைக்கன்களை ஏற்காட்டிலிருந்து எடுத்து வந்திருந்தேன். இன்று லேபில் பிரித்தோம். ஒரு பகுதி ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய ஜாடியில் (டெசிக்கேட்டர்), இன்னொரு பகுதி புற ஊதா விளக்கின் கீழ், ஒரு பகுதி ஜன்னலோரம் சும்மா.

"மேம், இந்த விளக்கு செவ்வாய் மாதிரியா?" என்றாள் ஒரு மாணவி.

இல்லை. நம் விளக்கு 254 நானோமீட்டரில் மட்டும் எரியும். செவ்வாயில் ஓசோன் தடுப்பு கிடையாது, 200 நானோமீட்டர் வரை எல்லாம் தரைக்கு வரும். அழுத்தமும் இங்கே நம் சேலத்து அழுத்தம்தான். அதை நோட்டில் முதல் வரியாக எழுதச் சொன்னேன். நனைத்தால் பச்சையாகிறதா என்று ஒரு பத்தி, ஊடகத்தில் பூஞ்சை முளைக்கிறதா என்று தனியாக ஒரு பத்தி. கடைக் கற்பாசியும் ஒரு வரிசையில் இருக்கிறது. ஜூனில் கல்லூரி திறந்ததும் எடுத்துப் பார்ப்போம்.