கபாலி குளத்தில் கோபுரப் பிம்பம்: நாலாவது முயற்சி

சென்னை மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் தெப்பக்குளத்தின் மேற்குக் கரையிலிருந்து எடுத்த கோபுரப் பிம்பம் நாலாவது தடவையில் ஒருவழியாகக் கூடி வந்தது. முதல் மூன்றும் குப்பை. காற்றும் வெளிச்சமும் ஒத்துழைத்த நாளிலும் குப்பைதான். கோளாறு கேமரா வைத்த உயரத்தில் இருந்தது; பழியை மட்டும் லென்ஸ் சுமந்துகொண்டிருந்தது.

நெட்டுவாக்கா குறுக்குவாக்கா என்ற கணக்கை முதலில் முடித்துவிடலாம். 1906-ல் கட்டிய கிழக்குக் கோபுரம் சுமார் 37 மீட்டர். கேமராவிலிருந்து தோராயமாக 300 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பார்வைக் கோணத்தில் கோபுரம் 7 டிகிரி, பிம்பம் இன்னொரு 7, ஆக 14. ஃபுல் ஃப்ரேமில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) 100 மி.மீ. லென்ஸைக் குறுக்கே பிடித்தால் மேலிருந்து கீழே 13.7 டிகிரிதான் அடங்கும். மேலே கலசம் போச்சு, கீழே பிம்பத்தின் கலசமும் போச்சு. நெட்டுவாக்கில் 20 டிகிரி கிடைக்கும், இரண்டு முனையிலும் மூச்சுவிட இடம் இருக்கும். 85-ஐக் குறுக்கே வைத்தாலும் அடங்கும்தான், ஆனால் கடைப் பலகையும் மின்கம்பமும் இரண்டு பக்கமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். நேப்பியர் பாலம் இதற்கு நேர் எதிர். வில் வளைவும் கூவத்தில் விழும் அதன் பிம்பமும் சேர்ந்து வரிசையாகக் கண் கண்ணாக வரும். அங்கே குறுக்குவாக்குதான், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

இனி உயரம். தண்ணீரில் தெரிவது மேலே இருப்பதன் நகல் இல்லை. நீர்மட்டத்துக்கு மேலே கேமரா எவ்வளவு உயரமோ, அதே அளவு கீழே இன்னொரு கேமரா இருந்து அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியுமோ அதுதான் பிம்பம். அதனால் கிட்டே இருக்கிற பொருள் பிம்பத்தில் நிமிர்ந்து, தூரத்தில் இருப்பதை மறைக்கும். குளம் 150 மீட்டர், எதிர்க்கரையிலிருந்து கோபுரம் இன்னொரு 150 மீட்டர் என்றால், கரையோர மரமும் கடையும் பிம்பத்தில் கூடுதலாக விழுங்குவது கேமரா உயரத்தைப் போல இரண்டு மடங்கு. மேல் படியில் ட்ரைபாட் நிறுத்தி, லென்ஸ் தண்ணீரிலிருந்து 3 மீட்டரில் இருந்தால் கோபுரத்தின் அடியில் 6 மீட்டர் பிம்பத்தில் காணாமல் போகும். கடைசிப் படிக்கு இறங்கி 30 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் நஷ்டம் 60 செ.மீ.தான். முதல் மூன்று முயற்சியிலும் குளத்தைப் பார்த்து நிற்கிற குட்டை மேற்குக் கோபுரம், தண்ணீரில் மட்டும் வளர்ந்து பெரிய கோபுரத்தின் மேல் ஏறி நின்றதற்குக் காரணம் இதுதான். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்ய வழியே இல்லை.

30 செ.மீ.க்கு இறக்க ட்ரைபாடின் நடுத்தண்டைக் கழற்றித் தலைகீழாகச் செருகினால் போதும். கேமரா தலைகீழாகத் தொங்கும், பட்டனைத் தேடி விரல் தடுமாறும். ரிச்சி தெருவில் கிடைக்கிற ப்ளூடூத் ரிமோட் கைகொடுக்கும். போன் என்றால் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் இருக்கும் முனையைத் தண்ணீரைத் தொடுகிற அளவுக்கு இறக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் மெரினா கலங்கரை விளக்கத்தை முறம் அகலக் குட்டைக்குள் முழுசாகக் கொண்டுவருவது இப்படித்தான்.

இரண்டு கலசமும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கிறதா என்று கிரிட்டை, அதாவது திரையில் தெரிகிற கட்டக் கோடுகளை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு டிகிரி சாய்ந்தாலும் பிம்பம் பக்கவாட்டில் விலகி நிற்கும், பார்ப்பவருக்கு எது உறுத்துகிறது என்று சொல்லத் தெரியாது. ஃப்ரேமின் நடுவில் வர வேண்டியது தண்ணீர் படியைத் தொடும் கோடு. படித்துறை மேல் விளிம்பை நடுவில் வைத்தவர்களின் படங்கள் எல்லாமே பாதி படி இறங்கியதுபோல் இருக்கும். தண்ணீர் அலைகிற நாளில் இந்தப் பாதிக்குப் பாதி வேலைக்கு ஆகாது. கோட்டை மேலே ஏற்றிப் பிம்பத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுத்துவிடலாம்.

ஃபோகஸ் கலசத்தில், லென்ஸ் துவாரம் எஃப் 8 அல்லது 11. மிதக்கிற பாசியில் பூட்டிக்கொண்டால் பிம்பம் மங்கும். பிம்பத்தின் ஃபோகஸ் தூரம் கோபுரத்தின் தூரமேதான். கலசத்தின் பிம்பம் விழும் சாய்வில் தண்ணீர் ஏறக்குறைய பாதி வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது, அதாவது ஒரு ஸ்டாப் இருட்டு. மேல்பாதியை மட்டும் இருட்டாக்குகிற கிராஜுவேட்டட் ஃபில்டரில் 3 ஸ்டாப்பை மாட்டினால் நிஜத்தைவிடப் பிம்பம் பளிச்சென்று வந்து குட்டு வெளிப்படும். 1 ஸ்டாப் போதும். ஒரு கடையில் மல்லுக்கட்டி விற்ற போலரைசர், அதாவது பளபளப்பை வடிகட்டுகிற ஃபில்டர், முழுசாக இருட்டடித்தது, மூடியைக் கழற்றாததுபோல. நல்ல போலரைசரும் நீர்மட்டத்திலிருந்து 37 டிகிரி சாய்வில் பிம்பத்தைத் துடைத்தே போட்டுவிடும், குட்டைக்குமேல் குனிந்து எடுக்கும்போது கவனம்.

தலைகீழாகத் திருப்பிப் போடும் வித்தையில் ஒரு சின்ன விஷயம். பிம்பத்தை மட்டும் வெட்டி 180 டிகிரி சுழற்றினால் கோபுரத்தில் எரிகிற ‘ஓம்’ இடவலம் மாறிப் படிக்கும். சுழற்றக் கூடாது, மேல்கீழாக ஃப்ளிப் செய்ய வேண்டும். அப்போது எழுத்து நேராக வரும், மெல்லிய அலை மட்டும் கோபுரத்தை நடுங்க வைக்கும். எனக்கு இந்தப் படம்தான் நிஜப் படத்தைவிடப் பிடித்திருக்கிறது.

இன்னும் தீராதது வெளிச்சம். மேற்குக் கரையிலிருந்து பார்த்தால் விடியலில் கோபுரம் நிழலுருவம்தான், ஆனால் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். சாயங்காலம் சிற்பத்தின் மேல் வெயில் நேராக விழும், அதற்குள் கடற்காற்று வந்து குளத்தைக் கலக்கிவிடும். மீனுக்குப் பொரி போடுகிறவர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்கள். 30 விநாடி எக்ஸ்போஷரில் அலை அடங்குகிறது, சிற்பமும் சேர்ந்து கரைந்துபோகிறது. தைப்பூசத் தெப்பத்தில் அந்தக் கவலை இல்லை. அலையில் விளக்கு வெளிச்சம் நீளவாட்டில் இழுபடும், நெட்டுவாக்கு ஃப்ரேமுக்கு அதைவிட என்ன வேண்டும்?

அதுவரை வீட்டில் கொலு பொம்மைகளை வைத்துப் பார்க்கிறேன். 3 மி.மீ. கறுப்பு அக்ரிலிக், இரண்டடிக்கு ஒன்றரையடி, போர்டு செய்கிற கடையில் அறுத்துத் தருகிறார்கள். முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டாம். ரசம் பின்பக்கம் இருப்பதால் பிம்பம் இரண்டாக விழும். அக்ரிலிக்கின் மேல் ஒட்டிய தாளைப் படம் எடுக்கிற நிமிஷம் வரை உரிக்கக் கூடாது. நேற்றே உரித்தாயிற்று, தலையாட்டி பொம்மையின் காலடியில் இப்போதே ஒரு கீறல்.